அந்தோனிக்கு ஒரு சட்டை

பாலாவியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே பஸ் நின்றுவிட்டது. நடுரோட்டில் மூன்று கழுதைகள். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். நடத்துநர் இறங்கிக் கைதட்டிப் பார்த்தார். கழுதைகள் அசையவில்லை. எங்கள் தூத்துக்குடியில் மாடுகள் பார்க்கிற வேலையை இந்த இலங்கைக் கரையில் கழுதைகள் பார்க்கின்றன என்று புரிந்துகொண்டேன்.

"அதுகள் தன்ட பாட்டுக்குப் போகும், பயப்படாதீங்க" என்றார் பக்கத்து இருக்கைப் பெண். எனக்குக் கழுதையிடம் பயமில்லை. மடியிலிருந்த மக்ரூன் டப்பாவை நினைத்துத்தான் பயம். ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளே ஏதோ ஒன்று நொறுங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் எனக்கு ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கினார். இறங்கும்போது என் கையைப் பிடித்து, "தங்கச்சி, நன்றி" என்றார்.

"எதுக்குங்க?"

"இவ்வளவு தூரமும் என்ட தோள்ல சாஞ்சு நித்திரை கொள்ளாம வந்தீங்களே, அதுக்கு." பிறகு பெரிதாக மூச்சு விட்டார். "அப்பாடா, இண்டைக்கு ஆள் கிடைச்சிட்டுது."

ஒன்றும் புரியவில்லை. ஆனால் நானும் இங்கே வந்தது நன்றி சொல்லத்தான்.

பதினைந்து வருஷத்துக்கு முன் அப்பாவின் வள்ளம் என்ஜின் நின்று, இரண்டு நாள் மிதந்து, இந்தக் கற்பிட்டிப் பக்கம் ஒதுங்கியது. கரையில் ஒருவர் அவர்களுக்குச் சோறு போட்டு, மேலே ஒன்றுமில்லாமல் நடுங்கிய அப்பாவுக்குத் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு கடற்படை வந்தது. அப்பா மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு, அதே சட்டையோடு வீடு வந்து சேர்ந்தார். அம்மா அதைக் கரித்துணி ஆக்கிவிட்டார். "அவனுக்கு ஒரு சட்டை திருப்பிக் கொடுக்கணும்" என்று அப்பா வருஷாவருஷம் சொல்வார். இந்த வருஷம் முட்டியில் ஆபரேஷன் ஆனதும், "நீ போயிட்டு வா" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அந்த ஊர்ப் பேச்சே ஆகாத அம்மாவிடம் திருத்தலத்துக்குப் போவதாகச் சொல்லச் சொன்னார்.

நான் தையற்காரி. சட்டை என் கையால் தைத்தது. அளவு, அப்பாவின் ஞாபகம். "கழுத்து என்னைப் போல. தோள் என்னைவிட அகலம். வலது தோள் மட்டும் ரெண்டு விரல் இறங்கியிருக்கும்ட்டி, மறந்துராத." ஆளின் பெயர் அந்தோனி. அவ்வளவுதான் தகவல்.

எத்தாளையைத் தாண்டி இறங்கியதும் கோயில் தெரிந்தது. வாசலில் பெரிதாக எழுதியிருந்தது: புனித அந்தோனியார் ஆலயம். தூத்துக்குடியில் சேவியர் கோயில் தெருவில் நின்று சேவியர் இருக்கிறாரா என்று கேட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும்.

பங்குத் தந்தை சிலாபத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், இந்தப் பங்குக்கு வந்து ஒரு வருஷம்தான். எங்கள் ஊர்ச் சாமியார் மூலமாக முன்பே போனில் பேசியிருந்தோம். "நல்ல நேரம் பார்த்து வந்தீங்க, ஸ்டெல்லா" என்று குதூகலமாக வரவேற்றார். பஸ் பெண்ணின் மர்மம் அப்போதுதான் அவிழ்ந்தது. கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களை அவர் நன்றி வாரங்களாக அறிவித்திருந்தார். ஒவ்வொரு வீடும் தினம் ஒருவருக்கு நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும். வீட்டு ஆட்கள் சேர்த்தி இல்லை. ஒரே ஆளுக்கு இரண்டாம் தடவை கூடாது. யாருக்குச் சொன்னார்களோ அவர் பெயரைக் கதவில் ஒட்டிய தாளில் எழுத வேண்டும்.

"நல்லாப் போகுதா, ஃபாதர்?"

"முதல் கிழமை நல்லாப் போச்சு" என்றார். கிழமை என்றால் இங்கே வாரம்.

தங்குவதற்கு பிலோமினா அக்கா வீட்டில் ஏற்பாடு செய்திருந்தார். ஐம்பது தாண்டியவர். பேச்சும் நடையும் ஒரே வேகம். "என்ட ஆள் வாடிக்குப் போயிட்டார், உச்சமுனைக்கு. மீன் நல்லாப் படுதாம். வர நாளெடுக்கும்" என்று நான் கேட்காமலே சொன்னார். வாடி என்றால் மீனவர்கள் தங்கித் தொழில் செய்யும் கொட்டகை. இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் மீன் குழம்பும். குழம்பு கறுப்பாக இருந்தது. எங்கள் புளிக்குப் பதில் கொரக்காப்புளி, மலையாளத்துக் குடம்புளி மாதிரி. முதல் வாய் விசித்திரமாக இருந்தது. நாலாவது வாயில் எங்கள் ஊர்க் குழம்புக்குத் துரோகம் செய்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் ஃபாதர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். நன்றி சொல்வதற்காகக் கடல் தாண்டி வந்த பெண் என்று தமிழிலும் சிங்களத்திலும் அறிமுகம். மைக் முன்னால் நின்றேன்.

"எங்க அப்பாவுக்கு உதவி செஞ்ச அந்தோனி அண்ணனுக்கு நான் ஒரு சட்டை தைச்சுக் கொண்டுவந்திருக்கேன். அவரு முன்னால வந்து போட்டுக் காட்டினா நல்லாருக்கும்" என்றேன்.

கோயில் முழுக்கச் சிரிப்பு. பலிபீடச் சிறுவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். ஃபாதர் என் காதருகே குனிந்தார். "இஞ்ச சட்டை எண்டா பொம்பிளைப் பிள்ளையள் போடுற கவுன். நீங்க சொல்றது சேட்."

அந்த ஒரு வாரமும் என் பெயர் ஸ்டெல்லா இல்லை, 'சட்டைக்காரத் தங்கச்சி.'

திங்கட்கிழமை அந்தோனிகள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவருக்கு இருபத்திரண்டு வயது. சம்பவம் நடந்தபோது அவருக்கு ஏழு வயது என்று கணக்குப் போட்டுக் காட்டியதும், "ஓம் என்ன" என்று, ஆமாமல்லவா என்கிற யோசனையோடு போய்விட்டார். அடுத்தவர் தோளைப் பார்த்ததுமே தெரிந்தது, என் சட்டையில் அவர் இரண்டு தடவை நுழையலாம். மூன்றாவது அந்தோனி நேர்மையானவர். "நான் அதைச் செய்யேல்ல, தங்கச்சி. ஆனா அண்டைக்கு நான் கரையில நிண்டிருந்தா கட்டாயம் செய்திருப்பன். அதுக்கு நன்றி சொல்லலாமா?" என்றார். சொன்னேன். பதிலுக்கு அவரும் எனக்கு நன்றி சொல்லி, வீட்டுக்குப் போய்த் தாளில் எழுதிக்கொண்டார்.

நன்றி வாரங்கள் உண்மையில் எப்படிப் போகின்றன என்பதும் அன்றே தெரிந்தது. மூன்றாவது வாரத்தில் ஊரில் நன்றி சொல்ல மிச்சம் ஆளே இல்லை. வலை பின்னுகிறவர் முதல் மருத்துவிச்சி வரை எல்லோரும் தீர்ந்துபோயிருந்தார்கள். புதிதாக வந்த நான் அவர்களுக்கு வராது வந்த மழை. கிணற்றடியில் வாளியைத் தள்ளி வைத்ததற்கு ஒரு நன்றி. கடையில் கடைசிப் பாணை, அதாவது ரொட்டியை, எடுக்காமல் விட்டதற்கு ஒரு நன்றி. ஒரு வீட்டில் உள்ளே கூப்பிட்டு பிளேன்டீ கொடுத்து, நான் அதைக் குடித்ததற்கு நன்றி சொன்னார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கல்யாணப் பத்திரிகையிலும் கூட்ட முடிவிலும் தவிர யாரும் எடுப்பதில்லை. அம்மாவிடம் ஒரு நாள் நன்றி என்று சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

செவ்வாய்க்கிழமை ஆலங்குடாவில் இன்னோர் அந்தோனி இருப்பதாகக் கேள்விப்பட்டு ஊர் ஓட்டோக்காரர் ரிஸ்வி நானாவோடு கிளம்பினேன். முஸ்லிம் அண்ணன்களை இங்கே நானா என்கிறார்கள். ஆலங்குடா அந்தோனி வெள்ளைக்காரர்களைப் படகில் கூட்டிக்கொண்டு போய் டால்பின் காட்டுகிறவர். கரைக்குப் போகும் வழியில் ஓட்டோ மணலில் புதைந்தது. நான் தள்ளினேன். நானா தள்ளினார். பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வந்திருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து தள்ளினார்கள். வண்டி வெளியே வந்தது, எங்கள் நாலு பேர் வாயிலும் மணல். அந்தோனியைப் பார்த்தால் இரண்டு தோளும் பலகை மாதிரி நேராக இருந்தன.

திரும்பும்போது அலுத்துப்போய்ச் சொன்னேன். "போதும் நானா. யாராவது ஒரு அந்தோனிக்குக் கொடுத்துட்டு நாளைக்குக் கிளம்பறேன். அப்பாவுக்கு என்ன தெரியப்போவுது?"

நானா வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"நாங்க மன்னார், தங்கச்சி. தொண்ணூறுல புலிகள் முஸ்லிம் ஆக்கள ஊர விட்டுப் போகச் சொல்லி, நாங்க எழும்பி வரக்குள்ள எனக்கு அஞ்சு வயசு. வந்த முதல் நாள் ரோட்டோரத்துல ஒரு வீட்டுக்காரங்க ஒரு சட்டி சோறு கொண்டாந்து தந்தாங்க. எங்கட வாப்பா பசியில வீட்டைக் கவனிக்கல்ல. பொறகு எத்தனையோ தரம் அந்த ரோட்டால போய்த் தேடினாரு. எந்த வீடெண்டு தெரியல்ல. மௌத்தாகும் வரைக்கும் அதச் சொல்லிக்கொண்டே இருந்தாரு." பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "உங்கட வாப்பாக்குப் பேராவது தெரியும். இன்னும் ரெண்டு நாள் தேடுங்க."

மடியிலிருந்த சட்டைப் பொட்டலத்தை மறுபடி இறுக்கிக் கட்டினேன்.

புதன்கிழமை காலை மழை விட்டதும் பிலோமினா அக்கா துணி காயப்போட்டார். உதவிக்குப் போனேன். ஒரு சேட்டை உதறிக் கொடியில் போட்டவள் அப்படியே நின்றுவிட்டேன். வலது தோளில் தையலைப் பிரித்து, உள்ளே மடித்து, கையால் ஓட்டியிருந்தது. அடுத்ததையும் பார்த்தேன். அதிலும் வலது தோள். இடது பக்கம் கடைத் தையல் கடைத் தையலாகவே இருந்தது. மடிப்பை அளந்தேன். என் இரண்டு விரல் சரியாக உட்கார்ந்தது.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

அவர் ஒரு தலையணை உறையைத் தேவையில்லாமல் மூன்றாவது தடவை பிழிந்தார். "அந்தோனிதான். ஆனா அந்த அந்தோனி இல்ல."

"எந்த அந்தோனி?"

"நீங்க தேடுற அந்தோனி."

இரண்டு பேரும் கொடிக்கு இரண்டு பக்கமும் நின்று ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு அவர் கல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் வருவதாக ஃபாதர் சொன்ன அன்று மாலையே அந்தோனி வாடிக்குக் கிளம்பிவிட்டாராம். ஊருக்கே தெரியும். ஃபாதருக்கு மட்டும்தான் தெரியாது, அதனால்தான் தேடிப்பிடித்து அந்த வீட்டிலேயே என்னைத் தங்கவைத்திருந்தார். வந்த அந்தோனிகள் எல்லாரும் என்னைத் திசைதிருப்ப வந்தவர்கள்.

"ஏன் அக்கா? நான் நன்றி சொல்லத்தானே வந்தேன்?"

"அதைத்தான் அவரால கேக்க ஏலாது. காரணத்தை அவரே சொல்லட்டும். நாளைக்கு நானும் வாறன்."

வியாழக்கிழமை களப்பை, அந்தக் கடலேரியை, கடந்து உச்சமுனைத் தீவுக்குப் படகில் போனோம். நான் மீனவன் மகள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கண்ணாடி போலக் கிடந்த அந்தக் களப்பில் எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. படகுக்காரர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பாதி வழியில் ஆழமில்லாத இடத்தில் தட்டி நின்றது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளினோம். இந்தப் பயணத்தில் நான் ஏறிய எல்லா வாகனத்தையும் ஒரு தடவையாவது தள்ளிவிட்டேன், பஸ்ஸைத் தவிர.

ஓலை வேய்ந்த வாடி ஒன்றின் முன்னால் ஒருவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். எழுந்து நின்றபோது வலது தோள் இறங்கியிருந்தது. ஓட இடமில்லாத தீவு. அவரும் அதைத்தான் யோசித்திருப்பார்.

"வாங்க மகள்" என்றார். பிறகு கும்பிடு போடுவதற்குக்கூட எனக்கு நேரம் கொடுக்காமல் ஒரே மூச்சில் சொன்னார். "உங்கட அப்பாவை நேவிக்கு அறிவிச்சது நான்தான். சேட்டையும் குடுத்திட்டு, சோத்தையும் போட்டிட்டு, அங்கால போய் போன் எடுத்தன். அதுக்கு முந்தின கிழமை இந்தியன் ட்ரோலர் வந்து எங்கட வலையெல்லாத்தையும் அறுத்துக்கொண்டு போனது. அந்த ஆத்திரம். உங்கட அப்பா வந்தது சின்ன வள்ளம், அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும்தான் அறிவிச்சன்."

அந்த வருஷம் எனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. அப்பா உள்ளே, வள்ளம் போய்விட்டது, சேரவில்லை. தெருமுனைத் தையல்கடையில் காஜா எடுக்க உட்கார்ந்தேன். அப்படித்தான் தையற்காரி ஆனேன். அப்படிக் கற்ற தையலில், அதற்குக் காரணமான மனிதருக்கு, காலரில் இரட்டைத் தையல் போட்டுச் சட்டை கொண்டுவந்திருக்கிறேன்.

திரும்பி மணலில் நடந்தேன். தீவில் போன் எடுக்கிற இடம் ஒன்றுதான், கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய படகின் முதுகு. ஏறி நின்று அப்பாவைக் கூப்பிட்டேன். அம்மா காதில் விழாமலிருக்க அவர் மாடிக்குப் போகும் மட்டும் காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா அதிரவில்லை. "தெரியும்ட்டி" என்றார். "அவன் போன் போட்டது என் காதுபடத்தான். நான் சோறு தின்னுக்கிட்டிருந்தேன்."

"தெரிஞ்சா சட்டை கொடுத்து அனுப்புனீங்க?"

"சட்டையும் அவன்தான குடுத்தான்."

நான் கத்தினேன். என்ஜின் நின்று தவித்து வந்தவர்களைப் பிடித்துக் கொடுப்பது என்ன நியாயம் என்று கேட்டேன். சிக்னல் போய்விட்டதோ என்று படகின் முனைக்கு நகர்ந்தேன்.

"என்ஜின் நின்னது நெசம்" என்றார் அப்பா. "வலையை விட்ட பெறகுதான் நின்னுது."

"எங்க விட்டீங்க?"

"அவங்க பக்கம்தான். வள்ளத்துல மீனும் இருந்துது. ரெண்டு நாள் மிதந்ததும் நெசந்தான்." குரல் இறங்கியது. "உன் படிப்பு போனது என்னாலதான்ட்டி. அவனால இல்ல. இத்தனை வருஷமா உன் முகத்தைப் பாத்து அதைச் சொல்ல வாய் வரல. அங்க போனா அவன் வாயாலயாவது நீ கேப்பன்னு நெனச்சேன்."

படகின் முதுகில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, கோபம் வந்தது. கோபத்தை யார்மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை. வாடியில் இருப்பவர் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டார். போனில் இருப்பவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

திரும்பி வந்தபோது பிலோமினா அக்கா தட்டில் சோறு போட்டுவைத்திருந்தார். கோபத்தோடேயே சாப்பிட்டேன். பாரை மீன், கறுப்புக் குழம்பு. கோபத்தோடேயே இரண்டாவது தடவையும் சோறு வாங்கினேன். அந்தோனி அண்ணன் எதிரில் உட்கார்ந்து, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவியதும் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். "அப்பாவுக்கு எல்லாம் தெரியுமாம். என்ஜின் வலையை விட்ட பிறகுதான் நின்னுச்சாம்."

"அது எனக்கும் தெரியும்" என்றார். "வலை ஈரமா இருந்தது."

போட்டுப் பார்த்தார். கழுத்து அளவெடுத்தது போல இருந்தது. தோள், சொல்லவே வேண்டாம். வயிற்றுக்கு மேல் நாலு பொத்தான் பூட்டவில்லை. அப்பாவின் ஞாபகத்தில் அந்த வயிறு கிடையாது. "அது என்ட சமையல்" என்றார் பிலோமினா அக்கா, பெருமையா வெட்கமா என்று தெரியாத குரலில். அன்றைக்கு முதல் தடவையாக மூன்று பேரும் சிரித்தோம்.

பிறகு அந்தோனி அண்ணன் அப்பாவோடு பேச வேண்டும் என்றார். படகு முதுகில் ஏற்றிவிட்டுக் கீழே நின்றேன். முதலில் இரண்டு பக்கமும் வெறும் ஹலோ ஹலோ. பிறகு முட்டி வலி. பிறகு சூடை மீன் ஏன் முன்னைப் போல வருவதில்லை. பிறகு யாருடைய அரசாங்கம் மோசம். போனில் காசு தீரும்வரை அரை மணி நேரம் பேசினார்கள். நன்றி என்ற சொல்லோ மன்னிப்பு என்ற சொல்லோ ஒரு தடவைகூட என் காதில் விழவில்லை. ஆனால் அந்தோனி அண்ணன் இறங்கும்போது கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். காற்று உப்பு என்றார்.

மூன்று பேரும் ஊர் திரும்பியதும், வெள்ளியும் சனியும் பிலோமினா அக்காவின் கைமெஷினில் சட்டையைப் பிரித்துத் தைத்தேன். உள்ளே விட்டிருந்த துணி போதவில்லை. அக்கா தன் பழைய பாவாடை ஒன்றிலிருந்து துண்டு கொடுத்தார். இரண்டு விலாவிலும் நீலக் கோடு போட்டது போல அமைந்தது. பார்த்தவர்கள் இந்திய ஃபேஷன் என்றார்கள்.

ஞாயிறு கிறிஸ்து அரசர் திருவிழா. அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது, அதனால் நன்றி வாரங்களுக்கு அதுவே நிறைவு. அந்தோனி அண்ணன் அந்தச் சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஃபாதர் ஒருமுறை அவரைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார், ஒரு வாரமாக நான் யார் வீட்டில் தங்கியிருந்தேன் என்பதை நினைத்துப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் மைக்கில், "சேட்டுக்கு உரிய ஆள் கிடைத்துவிட்டார்" என்று இந்த முறை ஒழுங்காகச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து, "எங்களுக்கு முதலே தெரியும்" என்று ஒரு குரல் வந்தது. மூன்றாவது அந்தோனி.

முடிவில் கதவுகளில் ஒட்டிய தாள்களை எல்லாம் கொண்டுவந்து பீடத்தில் வைத்தார்கள். ஃபாதர் சிலவற்றை எடுத்து வாசித்தார். முக்கால்வாசித் தாள்களில் ரிஸ்வி நானாவின் பெயர் இருந்தது. வெளியே ஓட்டோவில் காத்திருந்த அவரிடம் நானும் நன்றி சொல்ல வாயெடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் தங்கச்சி. இந்த மாசம் ஏறுறவன் இறங்குறவன் எல்லாம் சொல்லிட்டான். காதெல்லாம் நோவுது."

மதியம் பஸ்ஸுக்கு எல்லோரும் வந்தார்கள். மக்ரூன் டப்பாவை ஏற்கெனவே பிரித்திருந்தோம். உள்ளே இருந்தது மாவு. அக்கா அதைத் தேங்காய்ப்பூவோடு பிசைந்து, இது அதைவிட நல்லாத்தான் இருக்கு என்று எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். எனக்குக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்று. அதைக் கொண்டு எந்த விமானத்தில் ஏறுவது என்று கேட்கத் துணியவில்லை.

பஸ் கிளம்பும்போது அந்தோனி அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"அப்பாட்டச் சொல்லுங்க மகள். திரும்ப இந்தப் பக்கம் வலையோட வந்தா, திரும்பவும் அறிவிப்பன்."

"சொல்றேன்."

"ஆனா முதல்ல சாப்பாடு. அதையும் சொல்லுங்க."

புத்தளம் வந்ததும் அப்பாவுக்குப் போன் செய்து சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். சிரித்தார்.

"சாப்பாட்டுக்கு என்ன மீன்னு கேட்டியா?" என்றார்.